டிபன் வண்டியின் மேல்தகடு ஏன் உட்கார மறுக்கிறது?

தெருமுனையில் இட்லி, தோசை விற்கும் தள்ளுவண்டியைப் பசியில் நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை. அடுத்த முறை போகும்போது, மேலே இருக்கும் எவர்சில்வர் தகடும் கீழே இருக்கும் இரும்புச் சட்டமும் சேருகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். சில வண்டிகளில் தகடு சட்டத்தைக் கச்சிதமாகக் கவ்விப் பிடித்திருக்கும். சில வண்டிகளில் விரல்நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் மாவு இறங்கும், சாம்பார் இறங்கும், ராத்திரியானால் கரப்பான் குடியேறும். என்னதான் தேய்த்துக் கழுவினாலும் உள்ளே போனது உள்ளேயேதான்.

'வெல்டர் சரியில்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். பாவம், பல நேரம் அந்த இடைவெளி பட்டறைக்கு வருவதற்கு முன்பே, கம்ப்யூட்டரில் பிறந்திருக்கும்.

நாம் தினமும் பார்க்கும் பொருள்கள் எப்படி உருவாகின்றன என்று பேசும் இந்தப் பகுதியில், இந்த வாரம் கேட் சாஃப்ட்வேர். வாசல் கேட் இல்லை. இன்ஜினீயரிங் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளை லேப்டாப்பில் மவுஸைச் சுழற்றிச் சுழற்றி வரைந்துகொண்டிருக்குமே, அந்த கேட்.

ஒரு தள்ளுவண்டியில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சட்டம். ஸ்கொயர் டியூபை அளவாக அறுத்து, பற்றவைத்துச் செய்வது. இன்னொன்று, தகடு வேலை. ஷீட்டை லேசரில் வெட்டி, பெண்டிங் மெஷினில் மடித்துச் செய்வது. பெரும்பாலும் சட்டம் நம் பட்டறையிலேயே நடக்கும். லேசர் கட்டிங்கும் பெண்டிங்கும் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகும். இரண்டு வேலை, இரண்டு இடம் என்பதால் டிராயிங்கும் இரண்டாகிவிடுகிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

வண்டிச் சட்டத்தின் வெளி அளவு 1,200-க்கு 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல்தகடு அதன்மேல் தொப்பி மாதிரி உட்கார வேண்டும், நாலு பக்கமும் 40 மி.மீ. கீழே மடங்கி இறங்க வேண்டும். தகட்டின் கனம் 1.5 மி.மீ. தகடு டிராயிங் போடுபவர் 1,200, 600 என்று அதே எண்களைப் போடுகிறார். தகடு வந்து இறங்கியதும் இப்படி ஓர் உரையாடல் நடக்கும். எந்தப் பட்டறைக்காரரும் இதைக் கேட்டிருப்பார்.

"தம்பி, தொப்பி இறங்கலையே?"

"அறுநூறுதானேண்ணே போட்டேன். ஃப்ரேமும் அறுநூறுதானே?"

"அதான் தம்பி பிரச்னையே."

எவர்சில்வர் சம்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியின் உள் அளவு, சம்படத்தின் வெளி அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் மூடும். தகட்டின் வெளி அளவு 600 என்றால், இரண்டு பக்கக் கனம் போக உள் அளவு 597. 600 சட்டத்தின் மேல் 597 தொப்பி எப்படி இறங்கும்? அப்புறம் கிரைண்டர் பிடித்துச் சட்டத்தைத் தேய்ப்பார்கள், சுத்தியலால் மடிப்பை அகட்டுவார்கள். இரண்டு முறை இப்படி அடிபட்டவர், மூன்றாவது வண்டிக்கு 'எதுக்கு வம்பு' என்று 10 மி.மீ. கூட்டிப் போட்டுவிடுவார். கரப்பான் வீடு அப்படித்தான் கட்டப்படுகிறது.

சரி, சேர்த்து வரைவது என்றால் என்ன? சாலிட்வொர்க்ஸை எடுத்துக்கொண்டால் வழி இதுதான். முதலில் வெறும் கோடுகளால் ஒரு பெட்டி வரைய வேண்டும். அதுதான் எலும்புக்கூடு. அந்தக் கோடுகளின்மேல் '25-க்கு 25 ஸ்கொயர் டியூப், 1.5 மி.மீ. கனம்' என்று தேர்ந்தெடுத்தால் டியூப்கள் தாமாக வந்து உட்காரும். அதே ஃபைலில், அந்த டியூபின் வெளிமுகத்தையே தொட்டு, அங்கிருந்து ஒரு மி.மீ. தள்ளித் தகட்டை ஆரம்பிக்க வேண்டும். இங்கே 600 என்ற எண்ணை இரண்டாவது தடவை டைப் செய்யவே கூடாது. தகடு தன் அளவைச் சட்டத்திடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பக்கத்துக்கு ஒரு மி.மீ. விட்டால் தொப்பியின் உள் அளவு 1,202-க்கு 602. வெளி அளவு 1,205-க்கு 605. கணக்கு அதுவே போட்டுக்கொள்ளும். நாளைக்கு சட்டம் 650 ஆனாலும் தொப்பி கூடவே வளரும்.

இரண்டு தனி ஃபைலில் ஒரே எண்ணை டைப் செய்தால், ஒன்றை மாற்றும்போது இன்னொன்றை மாற்ற யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வேலை நெருக்கடியில் யாருக்கு ஞாபகம் இருக்கும், சொல்லுங்கள்?

தகட்டை மடிப்பதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கனமான ஜமக்காளத்தை மடித்துப் பாருங்கள். உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். தகடும் அப்படியேதான். இழுபடாத, சுருங்காத ஒரு கோடு கனத்துக்கு நடுவே எங்கோ ஓடும். அது எந்த இடத்தில் ஓடுகிறது என்று சொல்லும் எண்ணுக்கு கே-ஃபேக்டர் என்று பெயர். பெரும்பாலும் 0.33-லிருந்து 0.45-க்குள் வரும். நம் தகட்டுக்கு மடிப்பின் உள் ஆரம் 1.5 மி.மீ., கே-ஃபேக்டர் 0.42 என்று வைத்தால், 90 டிகிரி மடிப்பு ஒவ்வொன்றுக்கும் 2.65 மி.மீ. கழிக்க வேண்டும். அதாவது, 1,205 மி.மீ. தொப்பிக்கு இரண்டு பக்கமும் 40 சேர்த்து 1,285 என்று வெட்டினால் தவறு. இரண்டு மடிப்புக்கு 5.3 போக, கிட்டத்தட்ட 1,280 வெட்ட வேண்டும். சாஃப்ட்வேர் இதைக் கணக்குப் போட்டுத் தகட்டை விரித்தே காட்டிவிடும்.

ஆனால், கே-ஃபேக்டர் எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும். சாஃப்ட்வேரில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை அப்படியே நம்புகிறவர்கள்தான் அதிகம். அந்த எண்ணுக்கு உங்கள் ஜாப் ஒர்க்காரரின் மெஷினைத் தெரியாது. கண்டுபிடிப்பது ரொம்ப எளிது. அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு பட்டை வெட்டி, அதே மெஷினில் நடுவில் 90 டிகிரி மடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கால்களின் வெளி அளவையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டுங்கள். 102.65 வந்தால், கூட வந்த 2.65-தான் ஒரு மடிப்புக்குக் கழிக்க வேண்டிய அளவு. வெர்னியர் கையில் இருக்கும்போதே தகட்டின் கனத்தையும் அளந்துவிடுங்கள். 1.5 என்று சொல்லி வாங்கியது 1.4 காட்டுவதும் உண்டு.

எழுபது மி.மீ. மேஜிக்

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. விரித்த தொப்பியின் அளவு சுமார் 1,280-க்கு 680. கடையில் கிடைக்கும் எட்டுக்கு நாலு அடி ஷீட் 2,440-க்கு 1,220. இதில் எத்தனை தொப்பி எடுக்கலாம்? பார்த்தால் இரண்டு வரும்போலத்தான் தெரியும். நீளவாக்கில் இரண்டு வைத்தால் 2,560, ஷீட்டைவிட 120 மி.மீ. அதிகம். அகலவாக்கில் இரண்டு வைத்தால் 1,360, அதுவும் அதிகம். ஆக, ஒரு ஷீட்டுக்கு ஒரே ஒரு தொப்பி. மிச்சத்தில் அலமாரித் தட்டு, பக்கத் தகடு ஏதாவது செய்யலாம். இன்னொரு மேல்தகடு மட்டும் வராது. 1.5 மி.மீ. எவர்சில்வர் ஷீட் ஒன்றின் எடை சுமார் 35 கிலோ. விலையும் கிலோ கணக்கில்தான்.

இப்போது வண்டியின் நீளத்தை 1,200-லிருந்து 1,130 ஆக்கிப் பாருங்கள். நாலு விரல் அகலம்தான் குறைகிறது. விரித்த தொப்பி சுமார் 1,210 ஆகிறது. இரண்டு சேர்ந்தால் 2,420. லேசருக்கு வேண்டிய சந்து போக, ஒரே ஷீட்டில் இரண்டு தொப்பி! இரண்டு வண்டி ஆர்டர் இருந்தால் மேல்தகட்டுக்கு ஒரு முழு ஷீட் மிச்சம். தோசைக்கல்லும் சட்னி டப்பாக்களும் வைக்க 1,130 போதுமா என்று வண்டி வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கடன் வாங்கி வண்டி போடுபவருக்கு இந்த ஒரு கேள்வி எவ்வளவு பெரிய உதவி!

தனித்தனி ஃபைல் வைத்திருப்பவர் இந்த விளையாட்டுக்கே வர மாட்டார். நீளத்தை மாற்றினால் டியூப் டிராயிங் எல்லாவற்றையும் திருப்பி வரைய வேண்டுமே என்ற பயம். சேர்த்து வரைந்தவருக்கு ஒரே ஓர் எண்ணை மாற்றுகிற வேலை. டியூப் வெட்டும் பட்டியலும் கூடவே மாறிவிடும். நம் வண்டிக்கு 1,130-ல் நாலு, 550-ல் நாலு, காலுக்கு 750-ல் நாலு. டியூப் ஆறு மீட்டர் நீளத்தில் வரும். முதல் டியூபில் நாலு 1,130-ம் இரண்டு 550-ம் எடுத்தால் 5,620. மீதி எல்லாம் இரண்டாவது டியூபில் அடங்கி, ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல் மிச்சமும் இருக்கும். குடை மாட்டும் கம்பத்துக்கு ஆகுமா என்று கேட்கிறீர்களா? அதற்குத் தனி உருண்டைப் பைப் வாங்குவார்கள். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது.

'ஒரு இன்ச் பைப்' என்று கடையில் கேட்டு வாங்கும் தண்ணீர்க் குழாய் வகை ஜி.ஐ. பைப்பின் வெளி விட்டம் ஒரு இன்ச் கிடையாது. 33 மி.மீ.-க்கும் மேல். பைப்புக்கு உள்வழியை ஒட்டிப் பெயர் வைப்பார்கள், டியூபுக்கு வெளி அளவைச் சொல்வார்கள். இது தெரியாமல் மேல்தகட்டில் 26 மி.மீ. ஓட்டை போட்டு லேசருக்கு அனுப்பினால், எவர்சில்வரில் ஓட்டையைப் பெரிதாக்க உட்கார்ந்து அராவ வேண்டியதுதான். சேர்த்து வரையும்போது பைப் திரையில் தன் உண்மையான தடிமனோடு வந்து நிற்கும். ஓட்டை சின்னது என்பது கண்ணிலேயே தெரியும். அடுப்பு உட்காரும் இடத்துக்குக் கீழே டியூப் ஓடுகிறதா, 19 கிலோ சிலிண்டர் நிற்கும் தட்டு வெறும் தகட்டை நம்பி இருக்கிறதா என்பதெல்லாமும் அப்படித்தான் தெரியவரும்.

புதிதாகப் பழகுபவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒரே ஃபைலில் இருக்கட்டும், ஆனால் டியூபும் தகடும் ஒட்டி ஒரே உருவமாகிவிடக் கூடாது. ஒட்டிவிட்டால் தகட்டை விரிக்க வராது. சாலிட்வொர்க்ஸில் 'மெர்ஜ் ரிசல்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, லேசருக்கு அனுப்பும் டி.எக்ஸ்.எஃப். ஃபைல் ஒரு போட்டோ மாதிரி. அனுப்பிய பிறகு மாடலை மாற்றினால் அது மாறாது. வாட்ஸ்அப்பில் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஓகே' என்று மூன்று ஃபைல் கிடந்தால் ஜாப் ஒர்க்காரர் எதை வெட்டுவார்? தேதியையும் வரிசை எண்ணையும் ஃபைல் பெயரிலேயே போட்டுவிடுங்கள். பழையதை டெலீட் செய்துவிட்டு, செய்ததை போனில் கூப்பிட்டும் சொல்லிவிடுங்கள்.

சாஃப்ட்வேர் விலை அதிகமாயிற்றே என்பவர்களுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது. முழுக்க இலவசம். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. தகடு வேலைக்குத் தனியாக ஒரு சேர்க்கையை அதற்குள்ளேயே இறக்கிக்கொள்ளலாம். பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிரவுசரிலும் போனிலும் ஓடும் ஆன்ஷேப்பில் சட்டம், தகடு இரண்டுக்கும் வசதி உண்டு. ஆனால், அதன் இலவசக் கணக்கில் வரைவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தொழிலுக்கும் பயன்படுத்தக் கூடாது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள அது போதும்.

சாஃப்ட்வேர் எதைப் பார்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரையில் எல்லா மூலையும் 90 டிகிரிதான். நிஜத்தில் ஒரு பக்கம் பற்ற வைத்ததும் சூட்டில் சட்டம் அந்தப் பக்கம் இழுக்கும். அதனால்தான் அனுபவசாலி வெல்டர் முதலில் நாலு மூலையிலும் புள்ளி வைத்து, மூலைமட்டம் பிடித்து, குறுக்குமூலை அளவு இரண்டும் ஒன்றா என்று டேப்பில் பார்த்த பிறகே முழுதாகப் பற்றவைப்பார். பற்றவைத்த இடத்தின் புடைப்பும் திரையில் வராது. தொப்பி இறங்கும் வெளி மூலைகளில் அதைத் தேய்த்துச் சமமாக்காவிட்டால், நாம் விட்ட ஒரு மி.மீ. அதற்கே போய்விடும்.

முக்கியமாக, கை நுழைகிற இடமா என்பது அதற்குத் தெரியாது. தகடும் டியூபும் சேரும் உள்மூலையில் மாடல் அழகாகப் பொருந்தியிருக்கும். வெல்டிங் டார்ச்சை அங்கே நீட்டவே வழி இருக்காது. லேசருக்கு ஃபைலை அனுப்பும் முன் மாடலை போனில் திறந்து, சுழற்றி, வெல்டரிடம் காட்டுங்கள். "அண்ணே, இந்த மூலைக்குள்ள டார்ச் போகுமா? எதை முதல்ல வைக்கணும்?" என்று கேளுங்கள். அவர் 'இந்தத் தகட்டை ரெண்டா வெட்டிக் குடு தம்பி' என்று சொன்னால், அதை அப்போதே மாடலில் மாற்றிக்கொள்ளுங்கள்.