எக்ஸ்றே படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளி



யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் எறிகணைத் துண்டுகளை இன்னமும் உடம்பில் சுமந்து வாழும் பெண்களை என் வேலையில் அடிக்கடி சந்திக்கிறேன். "எக்ஸ்றே எடுத்தால் அந்தக் கதிர் உடம்புக்குள்ளேயே நின்றுவிடுமா மிஸ்?" என்று ஓர் அக்கா கேட்டார். பலருக்கும் இருக்கும் பயம் இது.

நிற்காது. டோர்ச்சை அணைத்தால் வெளிச்சம் எப்படி நின்றுபோகிறதோ, அப்படித்தான் இதுவும். எக்ஸ்றேயும் ஒளியின் குடும்பம்தான். வெயில், அடுப்பின் அனல், றேடியோ அலை, எக்ஸ்றே எல்லாமே மின்காந்த அலைகள். வெற்றிடத்தில் எல்லாம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் போகின்றன. வித்தியாசம் அலையின் நீளத்தில்தான். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், 400 முதல் 700 கூறு வரை நீளமான அலைகளே நம் கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்றே அலை அதைவிட மிகக் குறுகியது, சக்தி கூடியது. அதனால் தசையை ஊடுருவிப் போகிறது.

படத்தில் எலும்பும் இரும்பும் ஏன் வெள்ளையாகத் தெரிகின்றன? எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் கரு. அதைச் சுற்றி இலத்திரன்கள். தசையில் கூடுதலாக உள்ள ஐதரசனுக்கு 1 இலத்திரன், காபனுக்கு 6, ஒட்சிசனுக்கு 8. எலும்பிலுள்ள கல்சியத்துக்கு 20. இரும்புக்கு 26. இலத்திரன் கூடிய அணு எக்ஸ்றேயைக் கூடுதலாக மறிக்கும். கதிர் மறிக்கப்பட்ட இடம் படத்தில் வெள்ளையாக விழும். ஜேர்மனியில் றொன்ட்ஜன் என்ற விஞ்ஞானி 1895 இல் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தபோது, எலும்போடு மோதிரமும் தெரிந்தது இதனால்தான்.

எக்ஸ்றே அணுவிலிருந்து இலத்திரனைத் தட்டிவிடக் கூடியது. ஆகவே தேவையின்றி எடுப்பதில்லை. கர்ப்பமாக இருந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தால், எடுக்க முன்பே சொல்லுங்கள். ஆனால் வைத்தியர் அவசியம் என்று சொல்லும் படத்தைப் பயத்தில் தவிர்க்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் வேறு. அதில் எக்ஸ்றே இல்லை. பலமான காந்தமும் றேடியோ அலையும் உண்டு. உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் காந்தம் அதை இழுத்து அசைக்கலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருந்தால் பெரிய ஆபத்து.

காயம் எப்படி வந்தது என்று விசாரிப்பார்களோ என்ற பயத்தில் சிலர் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். நீங்கள் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "என் உடம்பில் இந்த இடத்தில் இரும்புத் துண்டு இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும். ஸ்கான் அறைக்குள் போக முன்பே அதைச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்றே படத்தை எறியாமல், கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். நீங்கள் மறந்தாலும் அந்த வெள்ளைப் புள்ளி வைத்தியருக்கு இடத்தைக் காட்டும்.