குழந்தைக் காப்பகத்தில் ஜன்னல் உண்டா?

காலை ஒன்பது மணிக்குள் சென்னை நகரில் எத்தனையோ வீடுகள் பூட்டப்பட்டு விடுகின்றன. கணவன் ஒரு காரியாலயத்துக்கும் மனைவி ஒரு காரியாலயத்துக்கும் புறப்பட்டு விட, இரண்டு வயதுக் குழந்தை, பால் புட்டியும் மாற்றுத் துணியும் அடங்கிய பையுடன் காப்பகத்துக்குப் போகிறது. பாட்டி இருந்த வீடுகளில் இந்தக் கவலை இல்லை. இப்போது பாட்டி ஊரில் இருக்கிறாள். அல்லது பாட்டியே உத்தியோகத்தில் இருக்கிறாள்! குழந்தைக் காப்பகம் வசதி படைத்தவர்களின் ஆடம்பரமாக இருந்த காலம் போய், பாலையும் அரிசியையும் போல அவசியமாகி விட்டது.

காப்பகம் தேடிப் போகும் பெற்றோர் எதைப் பார்க்கிறார்கள்? மாதக் கட்டணம் எவ்வளவு, காரியாலயம் போகும் வழியில் இருக்கிறதா, நேரமானால் வைத்துக் கொள்வார்களா, காமிரா உண்டா, குளிர்சாதன வசதி உண்டா? எல்லாம் கேட்க வேண்டியவைதாம். சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருந்தால் தாயின் மனம் பாதி சம்மதித்து விடுகிறது. அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறதா, இருந்தால் அது எதைப் பார்த்துத் திறக்கிறது என்று கேட்பவர்கள் சிலரே.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். சென்னையில் மார்கழி மாதத்தில் பகல் பொழுது சுமார் 11½ மணி நேரம். கோடையில் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பும் குழந்தை, அதில் 9 மணி நேரத்தை அந்த ஓர் அறையில் கழிக்கிறது. மார்கழியில் அது வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்து விடுகிறது. ஆக, வாரத்தில் ஐந்தாறு நாட்கள் அந்தக் குழந்தை காணும் வெயில், அந்த அறைக்குள் வரும் வெயில்தான். அறையில் விளக்கு மட்டுமே உண்டென்றால் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஞாயிறு தெரியும்.

விளக்கு எரிகிறதே, போதாதா என்று கேட்கலாம். போதாது. வெளிச்சத்தை அளக்க லக்ஸ் என்று ஓர் அளவு உண்டு. நடுப்பகலில் வெட்டவெளியில் அது ஒரு லட்சம் வரை போகும். மர நிழலில்கூடப் பல ஆயிரம் இருக்கும். விளக்குப் போட்ட சாதாரண அறையிலோ சில நூறுதான். நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைச் சரி செய்து கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. வளரும் கண்ணுக்கோ இது பெரிய விஷயம். சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். பாதிப் பள்ளிகளில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் இருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விளையாடியவர்களில் 30.4 பேருக்கு வந்தது. 2015-இல் வெளியான முடிவு இது. காப்பகக் குழந்தைகள் அவர்களை விடச் சிறியவர்கள் என்பது உண்மையே. அதனால் அவர்களை இருட்டில் வைக்கலாம் என்று ஆகிவிடாது.

ஜன்னல் வழியே வரும் வெயிலுக்கும் ஓர் எல்லை உண்டு. உடம்பில் வைட்டமின் டி உண்டாவதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்து விடுகிறது. ஆகவே ஜன்னலோடு ஒரு முற்றமோ, வராந்தாவோ, பத்திரமாகக் கம்பி அடைத்த மொட்டை மாடியோ இருப்பது நல்லது. காலையில் அரை மணி நேரம் குழந்தைகளை அங்கே உலவ விடும் காப்பகம், ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் காப்பகத்தை விட மேலானது என்று தயங்காமல் சொல்லலாம்.

தூக்கத்துக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள சம்பந்தத்தைத் தாய்மார் அனுபவத்தில் அறிவார்கள். பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. முதல் சில மாதங்களில்தான் உடம்பு அதைக் கற்றுக் கொள்கிறது. பகலில் நல்ல வெளிச்சமும் இரவில் இருட்டும்தான் அதற்குப் பாடம். எந்நேரமும் ஒரே மாதிரி விளக்கு எரியும் அறையில் அந்தப் பாடம் நடப்பதில்லை.

டெங்கு கொசுவை மறந்துவிடக் கூடாது. அது பகலில் கடிக்கிற கொசு. கட்டிலடி, திரைமறைவு, அலமாரிச் சந்து என்று வீட்டுக்குள் இருண்ட மூலைகளில் ஒதுங்குவது அதன் சுபாவம். மத்தியானம் குழந்தைகள் வரிசையாகப் படுத்துத் தூங்குவதும் அந்த வேளையில்தான். வெளிச்சமும் காற்றும் வரும் ஜன்னல் வேண்டும். அதற்குக் கிழியாத வலையும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும் அறைகளிலும் குறை பெரும்பாலும் காற்றோட்டமின்மைதான். ஊதுவத்தி மணக்கிற காப்பகத்தில், அது எந்த நாற்றத்தை மறைக்கிறது என்று யோசிப்பது நல்லது.

இவையெல்லாம் புதிய ஞானம் அல்ல. லண்டனில் டெப்ட்ஃபோர்டு என்ற ஏழைகளின் பேட்டையில் 1914-இல் மார்கரெட் மக்மில்லன் அம்மையார் தம் சகோதரியுடன் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வெயில் காணாமல் எலும்பு வளைந்து போன குழந்தைகள் நிறைந்த இடம் அது. அவர் கட்டிய கொட்டகைகள் தோட்டத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தன. 1939-இல் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், அறையின் அமைப்பைக் கல்வியின் ஒரு பாகமாகவே கருதினார். நம் நாட்டுச் சட்டமும் பின்தங்கவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளர் குழந்தைகளுக்கான அறையில் போதிய வெளிச்சமும் காற்றோட்டமும் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. கட்டடத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொன்னது.

சட்டம் சொன்னது ஒன்று, தெருவில் காண்பது ஒன்று. வேளச்சேரி, ஆதம்பாக்கம் போன்ற இடங்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தரைத் தளத்து ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். காப்பகம் நடத்துபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கிடைத்த வீட்டில், கொடுக்க முடிந்த வாடகையில் நடத்துகிறார். கிழக்கே ஜன்னல் உள்ள அறை கிடைத்தால் அதிர்ஷ்டம்: காலை வெயிலும் வரும், பிற்பகலில் கடல் காற்றும் வரும். மேற்கே மட்டும் ஜன்னல் உள்ள அறை, குழந்தை தூங்கும் நேரத்தில் அடுப்பாகி விடும்.

அதற்குத்தான் குளிர்சாதனம் இருக்கிறதே என்பார்கள். வீடுகளில் சுவரில் மாட்டும் இயந்திரம் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. வெளிக் காற்றைக் கொண்டு வருவதில்லை. கதவையும் ஜன்னலையும் அடைத்து பதினைந்து குழந்தைகளை வைத்தால், ஒரு குழந்தையின் சளி பதினைந்துக்கும் பங்காகிறது. அக்கினி நட்சத்திரத்தில் குளிர்சாதனம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இடையிடையே ஜன்னலைத் திறந்து விடுகிறார்களா என்று கேட்டால் போதும்.

ஆகவே காப்பகத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதை விட, வேலை நாளில் மூன்று மணிக்குப் போவது உத்தமம். விளக்கை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் குழந்தையின் முகம் தெளிவாகத் தெரிந்தால் அந்த அறை தேறியது. குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து பார்த்தால் வேறு சிலவும் தென்படும். ஜன்னல் விளிம்பில் உரியும் பழைய பெயிண்ட் அவற்றில் ஒன்று. பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற உச்சவரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதில் எவ்வளவு ஈயம் என்று யார் கண்டது? தவழும் குழந்தை எதையும் வாயில் வைக்கும். அறை மாடியிலா, இறங்க எத்தனை வழி என்பதையும் கேட்காமல் திரும்பக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூட மாடியில் 94 குழந்தைகள் தீயில் மாண்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. கூரைக் கொட்டகையும் குறுகிய வழியும் சேர்ந்து செய்த கொடுமை அது.

இத்தனையும் சொன்ன பிறகு, ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெயில் கொட்டும் அறையில், அழுகிற குழந்தையைத் திரும்பிப் பாராத ஆயா இருந்தால் அந்த ஜன்னலால் என்ன லாபம்? மங்கலான அறையானாலும் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் காக்கை காட்டும் கை இருந்தால் அந்த இடமே மேல். இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம் என்ற நிலையில் பெற்றோர் ஆயாவையே தேர்ந்தெடுக்கட்டும். நல்ல ஆயாவும் நாள் முழுவதும் இருட்டறையில் இருந்தால் சோர்ந்து போவாள் என்பதையும் காப்பகம் நடத்துபவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லாத தாய்மாரும் இருக்கிறார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும் துணிக்கடையில் நாள் முழுவதும் நிற்பவளுக்கும் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் காப்பகம். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்று 2017-இல் சட்டத் திருத்தம் வந்தது. அவர்களுடைய முதலாளிகள் பலர் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அவர்கள் குழந்தைகளுக்கு மிஞ்சியது அங்கன்வாடி. அவற்றிலும் பல, வாடகை அறைகளில் நடக்கின்றன. புதிய கட்டடம் கட்டும்போது ஜன்னல் வைப்பதற்குத் தனிச் செலவு அதிகம் ஆவதில்லை. வாடகைக்கு அறை பிடிக்கும் அதிகாரி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அறைக்கு நேரில் போய் விளக்கை அணைத்துப் பார்க்கட்டும்.