கணக்கை மக்கள் பார்க்கட்டும்

மலாக்காவின் மக்கள்தொகையை மலேசியக் கூட்டரசின் தரவுத் தளத்தில் எவரும் பார்க்கலாம். ஆனால், தாம் கட்டும் மதிப்பீட்டு வரியில் எத்தனை தெருவிளக்கு பழுதுபார்க்கப்பட்டது என்று அறிய, ஜாசின்வாசி கவுன்சிலரைத்தான் தேடுகிறார். 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து அந்தக் கவுன்சிலரும் நியமனம்தான்! தோட்டத்தார் பாடு இன்னும் மோசம். ‘தனியார் நிலம்’ என்ற ஒற்றைப் பதிலில் அவர்களின் சாலையும் விளக்கும் கணக்கிலேயே ஏறுவதில்லை.

தகவல் சுதந்திரச் சட்டத்தைப் பினாங்கும் சிலாங்கூரும் நிறைவேற்றின. மலாக்காவில் இல்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மாநகர் மன்றமும் அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்களும் குத்தகை, புகார், செலவு விவரங்களை மாதந்தோறும் எக்செல் கோப்பாக வெளியிடலாம். முத்திரை குத்தி ஸ்கேன் செய்த பிடிஎப் உதவாது. இதற்கு மாநில அரசு உத்தரவிட வேண்டும். தோட்டப் பெயர்களும் அந்தக் கோப்பில் இடம்பெற வேண்டும்.