முற்றம் போன வீட்டுக்கு மூச்சு

ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், கொல்லை என்று காற்று நேராக ஓடும். சூடு முற்றத்து வழியே மேலேறிவிடும். அடுக்ககத்தில் ஜன்னலைச் சாத்தி ஏசி போடுகிறோம். ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கும், புதுக்காற்று தராது. அதற்கென்று ‘ஹீட் ரெகவரி’ கருவி விற்கிறார்கள். வெளியேறும் குளிர்காற்றும் உள்ளே வரும் வெப்பக்காற்றும் கலக்காமல், மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஓடி வெப்பத்தை மாற்றிக்கொள்ளும். பனி கொட்டும் ஊரில், உள்ளே 20 டிகிரி வேண்டிய வீட்டுக்கு உள்-வெளி வெப்ப வித்தியாசம் பெரிது, அதனால் அது லாபம். திருச்சியில் கத்திரி வெயில் 40-ஐத் தொட்டாலும், ஏசியை 26-இல் வைத்தால் வித்தியாசம் 14தான். ராத்திரியில் அதுவும் சுருங்கும். நாள் முழுக்க ஏசி ஓடும் கிளினிக்குக்கு வாங்கலாம். வீட்டுக்கு எதிரெதிர் ஜன்னல், கொசுவலை, சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். மிச்சப்படும் காசில் மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள்.