பரவிவிட்ட பிறகும் வைத்தியம் உண்டு

ஈவிங் சார்கோமா என்ற அரிய எலும்புப் புற்றுநோய் சிறுவர்களையும் பதின்வயதினரையும் குறிவைக்கிறது. இதை 1921இல் விவரித்தவர் அமெரிக்க நோயியல் நிபுணர் ஜேம்ஸ் ஈவிங். கண்டுபிடிக்கும்போதே ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நுரையீரல், வேறு எலும்புகள், மஜ்ஜை என நோய் பரவியிருக்கும். முதலில் வரும் வலியை வளரும் வயதின் வலி என்று தள்ளிவிடுவது எளிது. இரவில் எழுப்பும் வலி வாரக்கணக்கில் நீடித்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

பரவிவிட்டது என்றதும் கதை முடிந்தது என்று பெற்றோரிடம் சொல்வது தவறு.

வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஒரு சுற்று; ஐஃபாஸ்பமைடு, எட்டோபோசைடு அடுத்த சுற்று. இப்படி மாற்றி மாற்றி மாதக்கணக்கில் கீமோதெரபி நடக்கும். இடையில் மூலக் கட்டிக்கு அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ, நுரையீரலில் பரவியிருந்தால் பெரும்பாலும் இரு நுரையீரல்களுக்கும் கதிர்வீச்சு. நுரையீரலோடு நின்றுவிட்ட நோய்க்கு, எலும்புகளுக்குப் பரவியதைவிட நல்ல வாய்ப்பு உண்டு. இந்த வித்தியாசத்தை மருத்துவர் குடும்பத்திடம் பொறுமையாக விளக்க வேண்டும்.

ஐரோப்பாவின் பழைய முறையைவிட இந்த மாற்றுச் சுற்று மேலானது என்று உறுதிப்படுத்த 10 நாடுகளும் 640 நோயாளிகளும் தேவைப்பட்டார்கள். அந்த ஆய்வின் முடிவு 2022இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஓர் அமெரிக்க ஆய்வில் இந்த மாற்றுச் சுற்றுடன் கானிடுமாப் என்ற புதிய மருந்தைச் சேர்த்துப் பார்த்தும், பரவிய நோயில் பலனில்லை, பக்கவிளைவுதான் கூடியது. நோயாளிகள் குறைவு என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு இதில் பெரிய ஆர்வம் இருக்காது. அந்த இடத்தை அரசுப் பணம்தான் நிரப்ப வேண்டும்.