மாத்திரைக்கு ஒரு டெண்டர், மெஷினுக்கும் அதே டெண்டரா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

நண்பர்களே, ஜி.ஹெச். என்றாலே நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "டாக்டர் நல்லாத்தான் பாக்குறாரு. ஆனா மெஷின் ரிப்பேராம், வெளியில எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க." பழி முழுவதும் டாக்டர், நர்ஸ் தலையில்தான் விழுகிறது. அந்த மெஷினை எந்த விதிப்படி வாங்கினார்கள், ரிப்பேர் பார்க்க யாரிடம் பணம் இருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை. ஆஸ்பத்திரியின் தரத்தில் பாதி, நோயாளி வாசலில் கால் வைப்பதற்கு முன்பே டெண்டர் பெட்டியில் தீர்மானமாகி விடுகிறது என்பது என் கருத்து.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டி விடுகிறேன். 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது; 1995 ஜனவரி முதல் மருந்து வழங்க ஆரம்பித்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தேவையான மருந்துகளை ஒரே பட்டியலாக்கி, கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பெயரில், மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கும் முறை அது. டெண்டருக்கு இரண்டு உறைகள். முதல் உறையில் கம்பெனியின் தகுதி, இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறாதவனின் இரண்டாவது உறையைப் பிரிப்பதே கிடையாது. வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். யார் மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. மாத்திரை அட்டையில் விற்பனைக்கல்ல என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரசு மருந்து கடைக்குப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக் முறைதான். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அதன் ஒதுக்கீட்டுத் தொகையைப் பதிந்து ஒரு பாஸ்புக். மாவட்டக் கிடங்கில் சரக்கு எடுக்க எடுக்க அதில் கழித்துக்கொண்டே வருவார்கள். நம்ம ரேஷன் கார்டு மாதிரிதான், பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் எந்த மருந்து ஓடுகிறது, எது தேங்குகிறது என்று கிடங்குக்கு அன்றன்றைக்குத் தெரிந்து விடுகிறது. மேலே இருப்பவர் உத்தேசமாக வாங்கித் தள்ளாமல், கீழே செலவாவதைப் பார்த்து வாங்க முடிகிறது. இதைப் பார்த்துத்தான் கேரளம் 2007-லும் ராஜஸ்தான் 2011-லும் இதே போன்ற கழகங்களை அமைத்தன.

சரி, மாத்திரை கதை நல்ல கதை. மெஷின் கதைக்கு வருவோம். அதுதானே நம்ம சப்ஜெக்ட்!

மாத்திரையை வாங்கினால் செலவு அதோடு முடிந்தது. மெஷினை வாங்கினால் செலவு அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. வென்டிலேட்டரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒரு சிறிய மின்வேதிக் கலம். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அதற்கு ஆயுள் தீரும். பேட்டரியும் அப்படியே. ரத்தப் பரிசோதனை அனலைசர்களில் சில, தன் கம்பெனி ரீஏஜென்ட்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு ரீஏஜென்ட்டில் வருடக் கணக்கில் வசூலிக்கலாம். முதல் நாள் விலையை மட்டும் பார்த்து எல்-1 என்று கையெழுத்துப் போட்டால், நாம் வாங்கியது மலிவு மெஷினா, விலையுயர்ந்த கடனா?

தொழிற்பயிற்சிக்குப் போன ஓர் அரசு மருத்துவமனையில் நான் பார்த்தது: ஸ்டோர் மூலையில் துணி போர்த்திய மானிட்டர்கள். ஒன்றுக்குப் பவர் சப்ளை போர்டு, இன்னொன்றுக்குக் கேபிள். "வாரண்டி முடிஞ்சுபோச்சு தம்பி. எஸ்டிமேட் மேல போயிருக்கு" என்றார் ஸ்டோர் கீப்பர். நம்ம லேபில் ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை அது!

இது ஏதோ ஓர் ஊர்க் கதை அல்ல. மாநிலங்களில் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை மருத்துவக் கருவிகள் செயலிழந்து கிடந்தன. அதனால்தான் 2015-ல் மத்திய அரசு கருவிப் பராமரிப்புக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாவட்ட மருத்துவமனையில் கருவிகள் 95 சதவீத நேரம் ஓட வேண்டும், ஓடாவிட்டால் பராமரிக்கும் கம்பெனிக்கு அபராதம் என்பது நிபந்தனை. நல்ல யோசனைதான். ஆனால் வாங்கும்போது தவறவிட்டதைப் பின்னால் ஒட்டுப் போடுகிற வேலை இது.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்பார்கள். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறைந்த விலையை ஏற்கத்தான் சொல்கிறது. ஆனால் டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளந்து காட்டக்கூடிய அம்சங்களைக் கணக்கிட்டு வரும் குறைந்த விலையைத்தான் சொல்கிறது. அப்படியானால் பத்து வருட சர்வீஸ், உதிரிபாகம், ரீஏஜென்ட் எல்லாவற்றையும் விலையோடு கூட்டி, அதில் எது குறைவு என்று பார்க்கத் தடை ஏது? ஆவணத்தை எழுதுகிறவர் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. வாங்கினால் மட்டும் போதாது, பில்லையும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசம் கோரக்பூர் மருத்துவக் கல்லூரியில் பாக்கி வரவில்லை என்ற தகராறில் திரவ ஆக்சிஜன் சப்ளை தடைப்பட்டது. அந்தச் சில நாட்களில் அங்கே ஏராளமான குழந்தைகள் இறந்தன. காரணம் ஆக்சிஜன் அல்ல என்றது அரசு. அந்த வாக்குவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பாக்கி இருந்தது உண்மை.

மொத்தக் கொள்முதலையே கலைத்துவிட்டு அந்தந்த ஆஸ்பத்திரியே வாங்கட்டும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தனித்தனியாகப் போனால் பேரம் பேசும் பலம் போய்விடும். வாங்குவது மேலேயே இருக்கட்டும். ஒரு ஃபியூஸ், ஒரு கேபிள், ஒரு பேட்டரி வாங்கும் பணமும் அதிகாரமும் கீழே வரட்டும். கூடவே மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப், அதில் டிப்ளமோ படித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் இடம். வேலை கேட்டுத் திரிகிற நமக்கும் நல்லது, வரிசையில் நிற்கிற நம்ம அம்மா அப்பாவுக்கும் நல்லது.

பேரவையின் கோரிக்கை மனுவில் ஹாஸ்டல் தண்ணீர், பஸ் பாஸ் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் கீழே இந்த அப்ரண்டிஸ் கோரிக்கையையும் சேர்க்கும்படி அடுத்த பொதுக்குழுவில் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். மெக்கானிக்கலில் இருந்து யாராவது வந்தால் இன்னும் நல்லது. ஆட்டோகிளேவ் ரிப்பேர் உங்கள் இலாகா!