மாத்திரையை எண்ணுகிறோம், ரத்தத்தை யார் பார்ப்பது?

2025 நவம்பரில் பத்து நாள் இடைவெளிக்குள் இரண்டு அறிவிப்புகள் வந்தன. முதலாவது காசநோய் பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் காட்டி, 2015-ல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் எண்ணிக்கை 2024-ல் 187 ஆகக் குறைந்துவிட்டது, சிகிச்சை வெற்றி 90 சதவீதத்தை எட்டிவிட்டது என்று மத்திய அரசு பெருமிதம் கொண்டது. இரண்டாவது, 21-ம் தேதி நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். அவற்றின் சிறப்புகளாக விளம்பரம் செய்யப்பட்டவற்றில் ஒன்று, 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை மனதில் வைத்து இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோபம்தான் வருகிறது. அங்கே ரோலிங் மில்களிலும் இரும்பு உருக்கும் உலைகளிலும் வேலை செய்யும் ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட் இளைஞர்களில் 40-ஐத் தாண்டியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காசநோய் அதிகம் தாக்குவது உழைக்கும் வயதினரை. ஒரே தகரக் கொட்டகையில் பத்துப் பேர் முறைவைத்துத் தூங்கும் இடத்தில் அது வயதுச் சான்றிதழ் கேட்பதில்லை. 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று அறிவித்த நாடு, அந்த ஆண்டின் கடைசி வாரங்களில் இப்படியொரு வயது வரம்பைச் சலுகையாக நீட்டியிருக்கிறது.

ஆனால் என்னை எழுத வைத்தது வயது வரம்பைவிட அந்த 90 சதவீதம்தான். எதை வெற்றி என்று எண்ணுகிறார்கள்? ஆறு மாத மாத்திரையை முடித்தாரா, முடிவில் சளியில் கிருமி இல்லையா என்று பார்த்து சிகிச்சை அட்டையை மூடுகிறார்கள். வாயில் போட்ட மாத்திரையில் எவ்வளவு ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அந்த அட்டையில் எங்குமே இல்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு மருந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ரிஃபாம்பிசின். சிறுநீரைச் சிவக்க வைக்கும் மருந்து என்று சொன்னால் டிபி மாத்திரை சாப்பிட்ட எவருக்கும் தெரியும். இன்றைய கூட்டு மாத்திரை ஒன்றில் ரிஃபாம்பிசின் 150 மில்லிகிராம், ஐசோனியசிட் 75, பைரசினமைட் 400, எத்தாம்பியூட்டால் 275 இருக்கின்றன. 50 முதல் 64 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு நான்கு மாத்திரை, அதாவது 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசின். இது வயிற்றில் கரைந்து, சிறுகுடல் வழியே உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, பிறகுதான் நுரையீரலுக்கு வர வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அந்த உச்சம் ஒரு மில்லிலிட்டர் ரத்த நீருக்கு 8 முதல் 24 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும் என்பது மருந்தியலாளர்கள் வகுத்த அளவு.

இந்த 8 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் நம் நோயாளிகளின் ரத்தத்தைப் பல ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறது. பெரும்பாலானோருக்கு ரிஃபாம்பிசின் 8-ஐத் தொடவில்லை. விதிவிலக்காகச் சிலருக்கு அல்ல, பெரும்பாலானோருக்கு. இது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தொலைவிலிருந்து சொன்ன குறை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சொந்த நிறுவனம் சொல்வது.

காரணங்கள் பல, எல்லாம் தெரிந்தவைதான். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் சாப்பிட்டால் ரிஃபாம்பிசினின் உச்ச அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, உச்சத்தைத் தொடும் நேரமும் இரட்டிப்பை நெருங்குகிறது. வயிற்று அமிலத்தில் ஐசோனியசிட் பக்கத்தில் இருந்தால் ரிஃபாம்பிசின் இன்னும் வேகமாகச் சிதைகிறது. இரண்டையும் நாம் ஒரே மாத்திரையில் வைத்துக் கொடுக்கிறோம். சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டதும் இந்த மருந்து கல்லீரலைத் தூண்டித் தன்னையே விரைவாக வெளியேற்றிக்கொள்கிறது. நீரிழிவு இருந்தால் வயிறு காலியாகும் வேகம் மாறுகிறது, மருந்தின் அளவும் குறைகிறது. இதே ரிஃபாம்பிசின் பல சர்க்கரை மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் இறக்கிவிடும் என்பதால் நீரிழிவு நோயாளிக்கு இரு பக்கமும் இழப்பு. தமிழகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2012-லேயே ஆய்வு வெளியாகிவிட்டது.

இதற்கெல்லாம் மேல் ஒன்று உண்டு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவு, அரை நூற்றாண்டுக்கு முன் ரிஃபாம்பிசின் விலை உயர்ந்த மருந்தாக இருந்தபோது, செலவையும் பக்கவிளைவு அச்சத்தையும் கருதி நிர்ணயிக்கப்பட்டது. உடல் தாங்கக்கூடிய உச்ச அளவு எது என்று பார்த்து வைத்ததல்ல. கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இப்போது வந்துவிட்டன. அன்றைய விலைப்பட்டியலை வைத்துத்தான் இன்றைய தொழிலாளிக்கு மருந்து அளக்கிறோம்.

இந்த இடத்தில் சென்னையின் பழைய கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதன் பாதியை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு சிகிச்சை மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல உணவு, ஓய்வு. இன்னொரு பிரிவு நெரிசலான தன் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டது. ஓராண்டு முடிவில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1959-ல் முடிவு வெளியானது, உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடத் தொடங்கின. ஏழையின் வீட்டுத் திண்ணையிலேயே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்தது சென்னை.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இருந்தவர்கள் மருந்து சாப்பிட்டார்களா என்பதை மைய ஊழியர்கள் எப்படி உறுதிசெய்தார்கள் என்பதுதான் பேசப்படாத பாதி. சொல்லாமல் கொள்ளாமல் நோயாளிகளின் வீட்டுக்குப் போனார்கள். சிறுநீர் வாங்கி வந்து அதில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஐசோனியசிட்டைக் கல்லீரல் செயலிழக்க வைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். அது பரம்பரையாக வருவது. மெதுவாகச் செய்பவர் உடலில் மருந்து நீண்ட நேரம் தங்கும், வேகமாகச் செய்பவர் உடலில் சீக்கிரமே காணாமல் போகும். நம் மக்களில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் மெதுவானவர்கள். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது வேகமானவர்கள் சரியாகக் குணமாகவில்லை என்பதைச் சேத்துப்பட்டுதான் கண்டுபிடித்தது. கணினியும் செல்பேசியும் இல்லாத காலத்தில், ஒவ்வொரு நோயாளியின் கல்லீரல் எந்த வகை என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

இன்று என்ன செய்கிறோம்? மாத்திரை அட்டையில் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மருந்து சாப்பிட்டதாகப் பதிவாகும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தோம். சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் சிறுநீரை ஐசோனியசிட்டுக்காகச் சோதித்துப் பார்த்தபோது, அழைப்புக் கணக்கும் உடலில் இருந்த மருந்தும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. 1956-ல் தொடங்கியதை முன்னெடுத்துச் செல்லாமல் கைவிட்டோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை.

கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் தனி இடம் உண்டு. 1968-ல் தொடங்கிய செங்கல்பட்டு பிசிஜி தடுப்பூசி ஆய்வு நடந்தது இந்த வட்டாரத்தில்தான். 1999-ல் நேரடிக் கண்காணிப்பு சிகிச்சை இங்கே முன்மாதிரியாகத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் குணமானதாக அறிவிக்கப்பட்டவர்களைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்தபோது, ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு நோய் திரும்பியிருந்தது. ஒழுங்கில்லாமல் மருந்து சாப்பிட்டது, ஆரம்பத்திலேயே இருந்த மருந்து எதிர்ப்பு, புகை ஆகியவை காரணங்களாகக் கண்டறியப்பட்டன. இறந்தவர்களைப் பார்த்தபோது 35 கிலோவுக்குக் குறைந்த எடை முக்கியக் காரணியாகத் தெரிந்தது. அப்போது வாரம் மூன்று நாள் மருந்து. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே நாடு தினசரி மருந்துக்கு மாறியது. மருத்துவம் சொல்ல வேண்டியதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மாறிவிட்டோமே, இனி என்ன குறை என்று கேட்கும் அதிகாரிகள், தினமும் விழுங்குவதும் தினமும் ரத்தத்தில் சேர்வதும் வேறு வேறு என்பதை வேண்டுமென்றே மறைக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஒருவர் இந்த மாத்திரையைச் சரியாகச் சாப்பிட முடியுமா என்று பாருங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வாரத்துக்கு ஒருமுறை பகலும் இரவும் மாறும் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர் பசியோடு வருகிறார்; முதலில் சாப்பாடு, பிறகுதான் மற்றதெல்லாம். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால் பஸ் போய்விடும், அரைநாள் கூலியும் போய்விடும். வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை குமட்டுகிறது. உலை முன்னால் குமட்டினால் மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் பரோட்டாவுக்குப் பின் போட்டுக்கொள்கிறார். குமட்டல் தாங்காவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டாவது போட்டுக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள் என்று மருத்துவர்களே சொல்வார்கள், அது சரியான அறிவுரை. அப்படிச் சாப்பிடுபவருக்கு அளவு போதுமா என்று பார்க்க வேண்டிய கடமை அந்த அறிவுரை தந்த துறைக்கு இருக்கிறது. அட்டையிலோ அவர் நூறு சதவீதம் ஒழுங்கானவர்.

ரத்த அளவைப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டும், கட்டுப்படியாகாது என்பார்கள். கருவி சேத்துப்பட்டில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயிலில் சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. மருந்து அளவு குறைந்த பலரும் குணமாகத்தானே செய்கிறார்கள், அளவுக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பு எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி வரவில்லையே என்று சில பேராசிரியர்கள் வாதிடுகிறார்கள். நோய் திரும்பி வந்தவரிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்கட்டும். மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவியை 1,000 ஆக்கிவிட்டோம் என்பது இன்னொரு பதில். நல்லது. உணவு உயிர் காக்கும் என்று ஜார்க்கண்ட் ஆய்வு 2023-ல் காட்டியது, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது.

தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது. எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்று நோயறிந்த உடனேயே பார்த்து, ஆபத்தானவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். முதல் நாளில் காட்டும் அந்த அக்கறையை இரண்டாம் வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையாக நீட்டினால் போதும். எடை குறைந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், இரண்டு மாதம் முடிந்தும் சளியில் கிருமி காட்டுபவர்கள், இரவு ஷிஃப்ட் தொழிலாளர்கள் இவர்களில் தொடங்கலாம். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குழாய் ரத்தம். 8-க்குக் கீழே இருந்தால் அளவைக் கூட்டுங்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தைத் தரவேண்டியவர் முதலாளி. அங்கேதான் சட்டம் கைவிடுகிறது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் காசநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி இருக்கிறது: இரண்டாண்டு வரை கூலியில் 80 சதவீதம். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அதைப் பெற இரண்டாண்டு தொடர் வேலையும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் மாறும் இளைஞருக்கு எங்கிருந்து வரும் இரண்டாண்டுத் தொடர்ச்சி? 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைச் சட்டப்பேரவையில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தில் திரும்பப் பெற்ற மாநிலம் இது. தாளில் திரும்பப் பெற்ற பன்னிரண்டு மணி நேரம் சிப்காட் சாலையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் காசநோய் திரும்பி வருவதற்குக் கிருமியைவிட ஷிஃப்ட் அட்டவணைதான் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். மாவட்ட நிர்வாகம் அதை மறுப்பதானால் ரத்தத்தை அளந்துவிட்டு மறுக்கட்டும். அதுவரை, காசநோய்க்கு மட்டுமாவது அந்த இரண்டாண்டு, 156 நாள் நிபந்தனைகளைத் தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகம் நீக்க வேண்டும். உலையிலும் தூசியிலும் நிற்பவர்களுக்கு 40 வயது வரம்பு பொருந்தாது என்று மாநில அரசு தன் விதிகளில் எழுத வேண்டும். மாத்திரைக்குப் பிறகான முதல் இரண்டு மணி நேரத்தைக் கூலியோடு கூடிய நேரமாக ஆறு மாதத்துக்கு அறிவிக்க மறுக்கும் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது.